அறுபதுக்கு மேல் எதில் செலவு செய்வது: மாத்திரை, டெஸ்ட் பேக்கேஜ், நடை, பளு

ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் ஆலோசனை ஆரம்பித்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகன், "வயசு ஏறாம இருக்க ஒரு மாத்திரை வந்திருக்குப்பா, அனுப்பட்டுமா?" என்பான். மகள் பிறந்தநாள் பரிசாக முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்றை ஆன்லைனில் புக் செய்துவிடுவாள். எதிர்வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்குப் பூங்காவுக்குக் கூப்பிடுவார். தெருமுனை ஜிம்மில் சீனியர் சிட்டிசன் சலுகை என்று போர்டு தொங்கும். எல்லோரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் பென்ஷன் ஒன்றுதான், காலை நேரமும் ஒன்றுதான். எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளி வைப்பது?

அதற்கு முதலில் எதை வைத்து அளப்பது என்று தெளிவாக வேண்டும். நூறு வயது வாழ்வதுதான் குறி என்றால் இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது. பிரான்சின் ஆர்ல் நகரைச் சேர்ந்த ழான் கால்மா 122 வயதில் 1997இல் இறந்தார். அதற்குப் பிறகு இத்தனை மருந்து, இத்தனை ஆராய்ச்சி வந்தும் அந்த வயதைச் சரிபார்த்த ஆவணங்களோடு தாண்டியவர் யாருமில்லை. நான் வைக்கிற அளவுகோல் சின்னது. எழுபத்தெட்டு வயதில் கழிவறைக்கு யார் துணையும் இல்லாமல் போய்வர முடியுமா? பஸ் படி ஏற முடியுமா? கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா? ரேஷன் கடைக்காரர் சொல்லும் கணக்கு காதில் விழுந்து மண்டையில் ஏறுமா? இந்த நாலையும் எது அதிக வருஷம் காப்பாற்றுகிறதோ அதுவே முதலிடம்.

மாத்திரையில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகப் பணம் அங்கேதான் போகிறது. முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என்ற ஆசை நமக்குப் புதிதும் இல்லை. சித்த மருத்துவத்தில் காயகற்பம் என்று தனிப் பிரிவே உண்டு. 1938இல் மதன்மோகன் மாளவியா தன் 76 வயதில் ஒரு சாமியாரிடம் நாற்பது நாள் காயகற்ப சிகிச்சை எடுத்தது நாடு முழுக்கப் பேச்சாக இருந்தது. இன்று அதே ஆசை வேறு பாட்டிலில் வருகிறது, அவ்வளவுதான்.

இன்றைய மருந்துகளில் விலங்குகளிடம் உண்மையிலேயே நல்ல சான்று இருப்பது ராபமைசினுக்கு. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. கனடாவில் வேலை பார்த்த சுரேந்திர சேகல் என்ற இந்திய விஞ்ஞானியின் குழு அதைப் பிரித்தெடுத்தது. 2009இல் வந்த அமெரிக்க ஆய்வில், மனிதக் கணக்கில் சுமார் அறுபது வயதான எலிகளுக்கு இதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படியும் ஆண் எலிகளின் ஆயுள் 9 சதவீதமும் பெண் எலிகளின் ஆயுள் 14 சதவீதமும் கூடியது. பிரமாதமான முடிவுதான். ஆனால் மனிதர்களுக்கு இது சிறுநீரக மாற்று சிகிச்சையில் எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுக்கிற மருந்து. வாய்ப்புண், தொற்று, கொழுப்பு ஏறுவது எல்லாம் கூடவே வரும். இளமைக்காகக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் அமெரிக்கப் பணக்காரர் பிரையன் ஜான்சன் இதைச் சில ஆண்டுகள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு 2024இல் நிறுத்திவிட்டார். தோல் தொற்று, சர்க்கரை ஏற்றம் என்று அவரே காரணமும் சொன்னார். சுற்றிலும் டாக்டர்களை வைத்துக்கொண்டு சாப்பிட்டவரே நிறுத்திவிட்ட மாத்திரையை நாம் எந்தத் தைரியத்தில் வாங்குவது?

மெட்ஃபார்மின் கதை வேறு. சர்க்கரை நோயாளிகளுக்கு நல்ல மருந்து, மலிவானது, நம் வீடுகளில் பாதி அலமாரிகளில் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரையே இல்லாதவர்கள் ஆயுளுக்காகச் சாப்பிடுவதுதான் இங்கே கேள்வி. 2014இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் நோயே இல்லாதவர்களைவிடக் கூடுதல் நாள் வாழ்ந்ததாகக் காட்டியதும் உலகமே பரபரப்பானது. 2022இல் டென்மார்க் மக்கள் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமானவர்கள் 14 வாரம் பளு தூக்கும் பயிற்சி செய்த ஒரு அமெரிக்க ஆய்வு 2019இல் வந்தது. பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் தசை அதிகம் வளர்ந்தது. சும்மா இருந்த உடம்பில் மாத்திரையைப் போட்டு, பயிற்சியின் பலனையும் குறைத்துக்கொள்வது நமக்குத் தேவையா?

மற்றவற்றைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். சிவப்பு ஒயினில் இருக்கிறது என்று சொல்லி ரெஸ்வெரட்ராலைக் கொண்டாடினார்கள். அந்த ஆராய்ச்சியை நம்பி கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் 2008இல் 72 கோடி டாலருக்கு ஒரு நிறுவனத்தை வாங்கி, 2013இல் இழுத்து மூடியது. இப்போது அதன் இடத்தில் என்.எம்.என். என்ற இன்னொரு இளமை மாத்திரை. ஒரு மாதப் பாட்டிலுக்கே சில ஆயிரம் ரூபாய், மனிதர்களிடம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன, குறுகிய கால ஆய்வுகள். வைட்டமின் டி பற்றி 25,871 அமெரிக்கர்களை ஐந்தாண்டுக்கு மேல் பார்த்த ஆய்வில் புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை. குறைபாடு இருப்பவர்களுக்கு அது வேறு கணக்கு. அதேபோல் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களும் பல வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் பி12 அளவைப் பார்த்துக் குறைந்திருந்தால் மாத்திரை எடுப்பது நியாயமான செலவு. மாத்திரைப் பகுதியில் நான் பணம் கொடுக்கச் சொல்வது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

டெஸ்ட் பேக்கேஜ் விஷயத்தில் சொந்தக்காரர்களோடு சண்டையே வரும். "முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் எல்லா டெஸ்ட்டும் என்கிற பொதுப் பரிசோதனையை இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2019இல் அலசினார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கும் செய்துகொள்ளாதவர்களுக்கும் சாவு விகிதத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை.

கூடுதலாகத் தேடுவதில் ஆபத்தும் இருக்கிறது. தென்கொரியாவில் 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. அதோடு குறைந்த கட்டணத்தில் தைராய்டு ஸ்கேனையும் மருத்துவமனைகள் சேர்த்துக் கொடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது, ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிகளைத் தேடி எடுத்து, ஆயிரக்கணக்கானவர்களின் கழுத்தைக் கீறி, வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை பேக்கேஜ் பட்டியலில் அறிகுறியே இல்லாதவருக்கு சி.ஏ.125, சி.இ.ஏ. போன்ற புற்றுநோய்க் குறியீடுகளைப் பார்த்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. கிராமத்துப் பெண்களுக்கு, 30 முதல் 59 வயது வரை, கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கிற எளிய பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. கேரளத்தில் புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களின் வாயைத் திறந்து பார்த்துச் சொல்கிற பரிசோதனையும் அப்படித்தான் உயிர்களைக் காப்பாற்றியது. விலைக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. எந்த நோய் இங்கே நிறைய இருக்கிறது, கண்டுபிடித்தால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும், புகையிலை போடுகிறவர்களுக்கு வாய். எண்பது பாராமீட்டர் பேக்கேஜுக்குக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி மிச்சமாகும்.

இந்தப் பட்டியலில் முதலில் சொன்ன பி.பி.தான் யாருக்கும் சுவாரசியமில்லாத ஹீரோ. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்து 2015இல் வெளிவந்த ஸ்பிரிண்ட் ஆய்வில், இதய நோய் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு மேல் அளவை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். இறப்பு 27 சதவீதம் குறைந்தது. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது. தலைசுற்றல், சிறுநீரகப் பிரச்சினை போன்ற தொந்தரவு சிலருக்கு வந்தது, அதனால் எவ்வளவு குறைப்பது என்பது உங்கள் டாக்டரோடு பேச வேண்டிய விஷயம். ஆனால் ராபமைசினுக்காக ஏங்குகிறவர்கள் பி.பி. மாத்திரையை "பழகிடும், அப்புறம் விட முடியாது" என்று தள்ளிவைப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரு நல்ல பி.பி. மெஷின் வாங்கி, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை மேசைமேல் வைத்து எடுத்து நோட்டில் எழுதுங்கள். நான் சொல்லும் முதல் செலவு இதுதான்.

அடுத்தது நடையா பளுவா.

நடையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள, உட்கார்ந்தே இருந்த 1,635 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நடையை மையமாக வைத்த பயிற்சியிலும் மறுபாதியை ஆரோக்கிய வகுப்பிலும் சேர்த்தார்கள். சுமார் இரண்டரை ஆண்டுகளில், வகுப்பு மட்டும் கேட்ட குழுவைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு நடக்கவே முடியாமல் போகும் நிலை குறைந்தது. அந்தப் பயிற்சியில் தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி சேர்ந்திருந்தது என்பதையும் கவனியுங்கள். பத்தாயிரம் அடி என்ற கணக்குக்குப் பயப்பட வேண்டாம். அது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வந்த எண். வயதான பெண்களை வைத்து 2019இல் வந்த ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. காலையில் முக்கால் மணி நேரம் நடந்தால் போதும், மீதி வீட்டிலேயே சேர்ந்துவிடும்.

பிரச்சினை என்னவென்றால், நடை மட்டுமே போதும் என்று நம்மூரில் எல்லோரும் நம்புகிறோம். என் பெரியப்பா பல வருஷமாக ஒரு நாள் விடாமல் நடந்தவர். உறவில் ஒரு கிரகப்பிரவேசத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஹோமம் முடிந்தது. எழ முயன்றபோது கையை முன்னால் ஊன்றினார், ஒரு முழங்காலை மடக்கினார், பிட்டம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பித் திரும்ப உட்கார்ந்துவிட்டது. இரண்டு பையன்கள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். மூச்சு வாங்கவில்லை, இதயத்துக்கு ஒன்றும் இல்லை. தொடையில் மட்டும் சக்தி இல்லை. "மூட்டு பிடிச்சுக்குச்சு" என்று சமாளித்தார்.

காரணம் இதுதான். வயதாகும்போது முதலில் மெலிவது வேகமாகவும் பலமாகவும் இயங்கும் தசை நார்கள். எழுந்திருக்கவும், கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை வைத்துத் தப்பிக்கவும் அவைதான் வேண்டும். சமதரையில் நிதானமாக நடக்கும்போது அவற்றுக்கு வேலை அதிகமில்லை. 17 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடி பலத்தை அளந்த ஆய்வு 2015இல் வந்தது. பிடி பலம் ஐந்து கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதோடு சேர்ந்து போனது. மேல் பி.பி. அளவைவிட இது நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. கையைப் பிசைந்தால் ஆயுள் கூடும் என்று அர்த்தமில்லை. உடம்பு முழுக்கத் தசை எப்படி இருக்கிறது என்பதைக் கை காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் நிலையைச் சோதிக்க காசு வேண்டாம். கைப்பிடி இல்லாத, சாதாரண உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுசாக எழுந்து உட்காருங்கள். யாராவது செல்போனில் நேரம் பார்க்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய மருத்துவர்கள் குழு 2019இல் வகுத்த அளவுப்படி தசை பலவீனத்தைச் சந்தேகிக்க வேண்டும். கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லையா? அப்படியென்றால் பேக்கேஜ், மாத்திரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பார்ப்பதுதான் அவசரம்.

தொண்ணூறு வயதிலும் இது திரும்ப வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுள்ள பத்துப் பேரைக் கால் பளுப் பயிற்சியில் சேர்த்தார்கள். எட்டு வாரத்தில் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான். அதனால் 1994இல் நூறு பேரை வைத்துத் திரும்பச் செய்தார்கள், சராசரி வயது 87. பயிற்சி செய்தவர்களின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. டப்பாவில் வரும் முதியோர் சத்து மாவை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

ஜிம்மா வீடா என்றால், நல்ல பயிற்சியாளர் கிடைத்தால் ஜிம். பெரும்பாலான இடங்களில் நரைத்த தலையைப் பார்த்ததும் "அங்கிள், நீங்க ட்ரெட்மில்ல நடங்க" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதற்குப் பூங்காவே போதுமே. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஓரிரு முறை போய்க் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வது பணத்துக்கும் சௌகரியம், மூட்டுவலிக்காரர்களுக்குப் பாதுகாப்பும்கூட. வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. பத்து முறை சுலபமாக வந்துவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். மூட்டு வலித்தால் நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சுவலி உள்ளவர்களும், பி.பி. கட்டுக்குள் வராதவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

"வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று சொல்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உடம்புக்கு ஏற்கெனவே பழகிய வேலை இருக்கிற பலத்தை ஓரளவு தக்கவைக்கும், புதிதாக எதையும் கொடுக்காது. இன்னொன்று, உங்கள் தட்டு. நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் புரதம் பத்துப் பன்னிரண்டு கிராம்தான் தேறும். அறுபது கிலோ எடையுள்ள வயதானவருக்கு நாளைக்கு 60 முதல் 72 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்கிறார்கள். முட்டை, மீன், தயிர், சுண்டல் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று வேண்டும். வீட்டுக்காரருக்குப் பரிமாறிவிட்டு மிச்ச ரசத்தோடு முடித்துக்கொள்கிற வழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை டாக்டர் சொல்லட்டும்.

காது, கண், ஊசி பற்றிச் சுருக்கமாக. காது கேட்காமல் போனால் முதலில் போவது பேச்சு, அப்புறம் மனிதர்கள். 2023இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் காது மெஷின் எல்லோருக்கும் மூளையைக் காப்பாற்றவில்லை. ஆனால் மறதி அபாயம் அதிகமாக இருந்தவர்களிடம் மூன்றாண்டுகளில் அறிவுத்திறன் சரிவை 48 சதவீதம் குறைத்தது. கண்புரையைப் பழுக்கட்டும் என்று காத்திருக்கிற காலம் எப்போதோ போய்விட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் தொடங்கியபோது அவருக்கு 57, 58 வயது. அரசு வேலையில் ஓய்வு பெற்றவர், மூட்டுவாதத்தில் விரல்கள் கோணியவர், 11 படுக்கையில் ஆரம்பித்தார். ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில். ஊசிகளில் ஃப்ளூவும் நிமோனியாவும் முதலில். அக்கிக்கான ஊசி விலை அதிகம், இரண்டு டோஸுக்கும் சேர்த்து இருபதாயிரம் ரூபாய் அளவுக்குப் போகும். வேல்ஸில் பழைய வகை அக்கி ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2025இல் ஆய்வு வந்திருப்பதால், கையில் காசு இருப்பவர்களுக்கு என்.எம்.என். பாட்டிலைவிட இது எவ்வளவோ மேல். அக்கி வந்து மாதக்கணக்கில் எரிச்சலில் துடித்தவரைப் பார்த்தவர்களிடம் இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

ஆக, என்னிடம் கேட்டால் முடிவு ஆளுக்கு ஆள் இப்படி மாறும். ஐம்பத்தைந்து வயது, இன்னும் வேலையில் இருக்கிறீர்கள், நேரமே இல்லை என்றால்: பி.பி., சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துவிட்டு வாரம் இரண்டு நாள் பளு, அலுவலகத்தில் படிக்கட்டு. நடைக்கென்று தனி நேரம் ஒதுக்காவிட்டாலும் பரவாயில்லை. அறுபத்தைந்து, நேரம் இருக்கிறது, காசு அளவாக இருக்கிறது என்றால் தினமும் நடை, ஒன்றுவிட்டு ஒரு நாள் நாற்காலிப் பயிற்சி, சுருக்கப் பட்டியல் டெஸ்ட், காது கண் ஒருமுறை. காசு தாராளமாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட், அக்கி ஊசி, நல்ல காது மெஷின் என்று இந்த வரிசையில் செலவழியுங்கள். ராபமைசின், என்.எம்.என். இரண்டும் எந்த வயதுக்கும் என் பட்டியலில் இல்லை.

எண்பதை நெருங்குகிறவர், ஏற்கெனவே ஒருமுறை விழுந்தவர் என்றால் வரிசை தலைகீழாகும். பயிற்சிக்கு முன்னால் குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, இரவு விளக்கு. அப்புறம் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரு முதியோர் மருத்துவரிடம் கொண்டுபோய் எதை நிறுத்தலாம் என்று கேட்க வேண்டும். தூக்க மாத்திரையும், எழுந்ததும் தலைசுற்ற வைக்கும் மாத்திரைகளும் பல பேரை விழ வைக்கின்றன. சென்னையில் இருப்பவர்களுக்கு 2024 பிப்ரவரியில் திறந்த கிண்டி தேசிய முதியோர் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது பழைய சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று டாக்டர்கள் ஒரே மருந்தை மூன்று பெயரில் எழுதியிருப்பது அங்கேதான் தெரியவரும்.